வேலையை விடாமல் மருத்துவ உளவியல் படிக்கக் குமரியில் ஒரு வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உளவியல் உள்ளிட்ட உடல்நலம் சார்ந்த பாடங்களைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்றும், 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து அவற்றில் புதிதாக எவரையும் சேர்க்கக் கூடாது என்றும் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. அன்று முதல் எங்கள் பகுதியில் பலர் தொலைபேசியில் அழைத்தும், ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு தேடி வந்தும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறார்கள். "டீச்சர், வேலையில இருந்துக்கிட்டே இனி எங்க போய்ப் படிக்கது?" இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் சொல்லக்கூடிய இடத்தில் இருப்பவர்களின் கண்ணில் படட்டும் என்றே தங்கள் நாளிதழுக்கு இதை எழுதுகிறேன். சற்று நீளமான கடிதம், பொறுத்தருள வேண்டும்.

நான் தக்கலைக்கு அருகில் வசிப்பவள். கடற்கரைக் கிராமம் ஒன்றில் உள்ள அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளியில் 19 ஆண்டுகளாக ஆசிரியையாக இருக்கிறேன். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் எங்கள் மாவட்டத்தைக் கடந்தபோது கடலில் இருந்தவர்களில் பலர் திரும்பி வரவில்லை என்பதைத் தமிழகம் அறியும். அந்த வீடுகளின் பிள்ளைகள் ஓரிரு மாதங்களில் மீண்டும் வகுப்புக்கு வந்து உட்கார்ந்தபோது என்ன நடந்தது என்பதை அறிந்தவர்கள் குறைவு. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மழையின் முதல் துளிகள் விழும் சத்தம் கேட்டதும், எழுதிக்கொண்டிருப்பதைப் பாதியில் நிறுத்தி, நோட்டுகளையெல்லாம் பையில் எடுத்து வைத்து, பையை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்தபடி மழை ஓயும்வரை அசையாமல் இருப்பான். நான் அவன் தலையைத் தடவி, "தைரியமா இரு மக்களே" என்பேன். அதற்குமேல் என்ன சொல்ல வேண்டும், எதைச் சொல்லவே கூடாது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் இருந்தது எனக்குப் பெரும் குற்ற உணர்வைத் தந்தது. உளவியல் படிக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அந்த வகுப்பறையில்தான் வந்தது.

2018-ல் தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. உளவியல் சேர்ந்தேன். அந்தப் பாடநூல்களைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஃபிராய்டிலிருந்து ஆரோன் பெக் வரை, மனச்சோர்வின் அறிகுறிகளிலிருந்து புள்ளியியல் வரை, விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து படித்த அந்தப் பாடங்கள் எனக்கு நல்லதோர் அடித்தளத்தை இட்டன. ஆனால் செய்முறை என்ற பெயரில் நடந்தது என்ன? என் அக்காள் மகனையும் பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவியையும் உட்கார வைத்துச் சில சோதனைகளைச் செய்து, மதிப்பெண்களைக் கூட்டி, பதிவேட்டில் எழுதி, கையொப்பம் வாங்கி அனுப்பினேன். ஒரு மனிதர் என் எதிரே அமர்ந்து தம் துயரத்தைச் சொல்லும்போது நான் என்ன செய்கிறேன் என்பதை, அந்தப் படிப்பின் தொடக்கம் முதல் முடிவு வரை, ஒருவர்கூடப் பார்க்கவில்லை. நீச்சலைப் பற்றிப் புத்தகம் படித்தவரைக் கடலில் இறக்கிவிட எங்கள் ஊரில் எந்தத் தகப்பனும் சம்மதிக்க மாட்டார்.

சேர்க்கைக்கு உதவிய தனியார் மையம் ஒன்றில் இருந்தவர், படிப்பை முடித்தால் வீட்டு முன்னறையிலேயே பலகை மாட்டிச் சிகிச்சை அளிக்கலாம் என்று எங்களிடம் உறுதியாகச் சொன்னார். நானும் என்னோடு சேர்ந்தவர்களும் அதை நம்பினோம். தேர்ச்சி பெற்று, சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் சட்டத்தை எடுத்துப் படித்தேன்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மருத்துவ உளவியலாளர் (கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்) என்பவர் யார் என்பதற்கு இரண்டு வழிகளைச் சொல்கிறது. மறுவாழ்வுத் துறையினரின் படிப்புகளையும் பதிவையும் ஒழுங்குபடுத்தும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் ஏற்பளித்த நிறுவனத்தில் மருத்துவ உளவியலில் அங்கீகரிக்கப்பட்ட தகுதி பெற்றவர் என்பது ஒன்று. உளவியலில் முதுகலைப் பட்டமும், அதன்மேல், மேற்பார்வையுடன் கூடிய மருத்துவப் பயிற்சி அடங்கிய இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். பட்டமும், கவுன்சிலின் ஏற்புள்ள பல்கலைக்கழகத்தில் பெற்றவர் என்பது மற்றொன்று. இந்த இரண்டில் எதிலும் அடங்காத என்னைப் போன்றவர் தம்மை மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்வது தவறு. கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் இல்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க 1992-ஆம் ஆண்டின் மறுவாழ்வுக் கவுன்சில் சட்டத்தில் இடமுண்டு. என் சான்றிதழ் பொய்யன்று. அதை வைத்து என்ன செய்யலாம் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டதுதான் பொய்.

ஆகவே, மானியக் குழுவின் முடிவை நான் எதிர்க்கிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம். அது சரியான முடிவு என்பதே என் கருத்து. ஏன் சரி என்பதை நான் எந்தச் சுற்றறிக்கையையும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சிவப்பு மையில் திருத்தப்பட்ட ஒரு தாளிலிருந்து தெரிந்துகொண்டேன்.

இரண்டு கோடை விடுமுறைகளில், அங்கிருந்த மருத்துவ உளவியலாளர் ஒருவரின் அனுமதியுடன், அவர் அருகில் இருந்து பார்க்கவும், வருவோர் சம்மதித்தால் அவர்களுடைய வரலாற்றைக் கேட்டுக் குறிப்பெழுதவும் எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. ஒரு நாள் மலையோரப் பகுதியிலிருந்து, ரப்பர் பால்வெட்டுத் தொழில் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பெண் வந்தார். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியே சொல்கிறேன். முக்கால் மணி நேரம் அவரோடு பேசிவிட்டு, இரண்டு பக்கக் குறிப்பை எழுதி நிறைவோடு நீட்டினேன். "நோயாளிக்குப் பதற்றம் உள்ளது" என்று நான் எழுதியிருந்த இடத்தில் அந்த உளவியலாளர் வட்டமிட்டு, "இது உங்கள் சொல். அவர் என்ன சொன்னார்?" என்று கேட்டார். "நெஞ்சுக்குள்ள ஒரே வெப்ராளமா வருகு" என்பதுதான் அந்தப் பெண் சொன்னது. அதை அப்படியே எழுதச் சொன்னார் உளவியலாளர். எந்த நேரத்தில் வருகிறது, முதலில் உடம்பில் எங்கே தெரிகிறது, அந்த நேரத்தில் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பாதிக்கு என்னிடம் பதில் இல்லை.

அடுத்த பக்கத்தில், "நோயாளி அழுதார்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதன் ஓரத்தில் மூன்று கேள்விகள் எழுதித் தந்தார். எப்போது அழுதார்? எதைச் சொன்னபோது அழுதார்? அழுகை நிற்கும்வரை நீங்கள் என்ன செய்தீர்கள்? மூன்றாவது கேள்விக்கு நான் உண்மையைச் சொன்னேன். தண்ணீர் டம்ளரை அந்தப் பெண்ணின் பக்கம் நகர்த்திவிட்டு, அவர் குடித்ததும் அடுத்த கேள்வியைக் கேட்டேன். உளவியலாளர் கோபப்படவில்லை. "அந்த அம்மா சொல்ல வந்ததைத் தண்ணீர் கொடுத்து நிறுத்திவிட்டீர்கள். அவர் அழுவதைத் தாங்க முடியாமல் போனது அவருக்கில்லை, உங்களுக்கு" என்றார். அன்று பேருந்தில் வீடு திரும்பும்போது, மழை பெய்த நாட்களில் அந்தப் பையனின் தலையைத் தடவியது நினைவுக்கு வந்தது. அதையும் நான் எனக்காகத்தான் செய்திருக்கிறேன். இரண்டரை ஆண்டுப் படிப்பில் எந்தப் பாடநூலும் எனக்குக் காட்டாத ஒன்றை அந்த மூன்று கேள்விகள் காட்டின. இதை இணையவழியில் கற்பிக்க முடியாது என்பதை நான் முழு மனத்துடன் ஏற்கிறேன்.

ஆனால் தொலைநிலை வேண்டாம் என்பதற்கும், வேலை பார்ப்பவர் படிக்கவே வேண்டாம் என்பதற்கும் இடையில் பெரிய தூரம் உண்டு. இன்றைய நிலையில் அந்த இரண்டும் ஒன்றாகிவிட்டன. தொலைநிலைக் கதவு சாத்தப்பட்டது. நேரடி வகுப்பில் பகுதிநேரமாகப் படிக்கும் கதவு எங்கள் பக்கத்தில் திறக்கப்படவே இல்லை. எஞ்சியிருப்பது ஊரையும் வேலையையும் விட்டுவிட்டு, சென்னையிலோ பெங்களூரிலோ இரண்டாண்டு தங்கி முழுநேரமாகப் படிப்பது மட்டுமே. 2022 நவம்பரில் வந்த விதிமுறைகளின் மூலம் எம்.ஃபில். பட்டம் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டபோது, மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை அவகாசம் நீட்டிக்கப்பட்டது. அந்தப் பழைய பாதை முடிவுக்கு வந்து புதிய பாதை அமைக்கப்படும் இந்த நேரத்திலாவது, அந்தப் பாதையில் வேலை பார்ப்போரும் நடப்பதற்கு இடம் விட வேண்டும்.

அப்படி நடக்க விரும்புகிறவர்கள் யார்? என்னிடம் கேட்டவர்களின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இதுவரை 23 பேர். அவர்களில் ஏழு பேர் செவிலியர்கள், ஒன்பது பேர் ஆசிரியர்கள், மூவர் பெண் துறவியர். மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாயின் மகனுக்கு ஆட்டிசம். எட்டு ஆண்டுகளாகப் பயிற்சி மையங்களின் வாசலில் காத்திருந்து காத்திருந்தே குழந்தை உளவியலில் பாதியைக் கற்றுக்கொண்டவர் அவர். ஒரு செவிலியர், இரவுப் பணியில் விஷம் அருந்திக் கொண்டுவரப்பட்ட இளம்பெண்ணின் உயிரைக் காப்பாற்றிய பிறகு, மூன்றாம் நாள் அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பும்போது அவளிடம் பேச ஒருவரும் இல்லாததைக் கண்டு, "உயிரக் குடுத்தாச்சு, பிறவு?" என்று என்னிடம் கேட்டார். இவர்களில் ஒருவர்கூட வேலையை விட முடியாது. வீட்டுக் கடன், பிள்ளைகளின் கட்டணம், படுக்கையில் இருக்கும் மாமியார் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் உண்டு. துயரத்தில் இருப்பவரின் அருகில் நிற்பதே இவர்களுடைய அன்றாட வேலை. இத்தகையவர்களைத் தள்ளி வைத்துவிட்டு, 22 வயதில் வேலையும் பொறுப்பும் இல்லாதவர்கள் மட்டுமே இந்தத் தொழிலுக்கு வரலாம் என்ற ஏற்பாட்டினால் இழப்பு அவர்களுக்கு மட்டும் அன்று.

தேவை எவ்வளவு என்பதற்கு அரசின் கணக்கே உண்டு. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16-ல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், வயது வந்தோரில் 10.6 சதவீதத்தினருக்கு அந்த நேரத்தில் ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது தெரியவந்தது. பாதிப்பின் வகையைப் பொறுத்து, அவர்களில் 70 முதல் 92 சதவீதத்தினர் வரை எந்தச் சிகிச்சையும் பெறவில்லை. 2022-ல் தமிழ்நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 19,834 பேர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாம்தான். அதே ஆண்டு அக்டோபரில் 14416 என்ற மனநல உதவி எண் தொடங்கப்பட்டது மிக நல்ல காரியம். ஆனால் தொலைபேசியில் ஆறுதல் பெற்றவர், வாரம் ஒரு முறை நேரில் போய் உட்கார்ந்து பேச ஓரிடம் வேண்டும். மாத்திரை எழுதித் தர மனநல மருத்துவர் இருக்கிறார். அந்த மருத்துவரின் வாசலில் நூறு பேர் காத்திருக்கும்போது ஒருவருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவது அவரால் ஆகக்கூடியதா? அந்த ஒரு மணி நேரம்தான் உளசிகிச்சை. அதைத் தருவதற்குப் பயிற்சி பெற்றவர்கள் நீரோடியிலும் குலசேகரத்திலும் கருங்கலிலும் தேவைப்படுகிறார்கள். பெருநகரில் படித்து அங்கேயே தங்கிவிட்டவர்களை இங்கே வரவழைப்பது எளிதன்று. இங்கேயே வேர் பிடித்தவர்களைப் படிக்க வைப்பதுதான் நடக்கக்கூடிய காரியம்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெப்ராளம் என்ற சொல்லை நான் மேலே குறிப்பிட்டேன். பதற்றம், பரபரப்பு, தவிப்பு, ஏதோ கெட்டது நடக்கப் போகிறது என்ற நெஞ்சடைப்பு எல்லாம் அதில் அடங்கும். எந்தக் கேள்வித்தாளிலும் அந்தச் சொல் இல்லை. குழந்தைகளின் அறிவுத்திறனை அளக்க நம் நாட்டில் நெடுங்காலம் பயன்படுத்தப்பட்டு வரும் பினே-காமத் சோதனையே, 1930-களில் கன்னடமும் மராத்தியும் பேசும் பிள்ளைகளுக்காக உருவாக்கப்பட்டது. தீனம் என்று நம் பாட்டிமார் சொல்வதற்கும் நோய் என்று ஏட்டில் எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு, விஷமம் என்றால் இங்கே குறும்பு அன்று, வருத்தம் என்பது, கடற்கரையில் ஒருவர் கடலைப் பற்றிப் பேசாமல் இருப்பதன் பொருள் என்ன என்பது, இவையெல்லாம் இங்கே பிறந்து வளர்ந்தவர்களின் காதுக்கு மட்டும் எளிதில் எட்டும். சிகிச்சையே பேச்சால் நடக்கும்போது, பேச்சைப் புரிந்துகொள்வது ஓர் ஆடம்பரம் ஆகாது.

இனி, பகுதிநேரப் படிப்பு என்று நான் கேட்பது எதை என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். குறுக்குவழியை நான் கேட்கவில்லை. தேசிய மதிப்புப்புள்ளிக் கட்டமைப்பின்படி ஓராண்டுக்கு 40 மதிப்புப்புள்ளிகள் (கிரெடிட்). அதற்கு 1,200 மணி நேரக் கற்றல். இரண்டாண்டு முதுகலைக்கு 2,400 மணி நேரம். இதை நான்கு ஆண்டுகளாக நீட்டினால் ஆண்டுக்கு 600 மணி நேரம். ஆண்டில் 40 வாரங்களுக்குச் சனி, ஞாயிறு இரண்டு நாட்களிலும் ஆறு ஆறு மணி நேரம் என்று வைத்தால் 480 மணி நேரம் ஆகிறது. மீதமுள்ள 120 மணி நேரத்தைக் கோடை விடுமுறையில் 20 நாட்களில் முடித்துவிடலாம். ஒரு மணி நேரம்கூடக் குறைக்க வேண்டியதில்லை.

இந்தக் கணக்கு வகுப்பறைக்குச் சரி, மருத்துவமனைக்குச் சரியாகாது என்பது எனக்குத் தெரியும். புறநோயாளிகள் பிரிவு ஞாயிற்றுக்கிழமை இயங்காது. மருத்துவப் பயிற்சிக்கு வார நாட்களின் காலை நேரம் கட்டாயம் வேண்டும். பகுதிநேரப் படிப்பின் உண்மையான சிக்கல் இதுதான். செவிலியர் தம் பணி நேரத்தை மாற்றிக்கொண்டு வாரத்தில் ஒரு காலையை ஒதுக்க முடியும். ஆசிரியர்களுக்கு அது இயலாது; அவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு மாதம் என்ற கணக்கில் தொடர்ச்சியான மருத்துவமனைப் பயிற்சியும், அதற்குரிய கல்வி விடுப்பும் அரசாணை மூலம் வழங்கப்பட வேண்டும். அரசுப் பொறியியல் கல்லூரிகளில், டிப்ளமா முடித்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்களுக்காக மாலை நேரப் பகுதிநேர பி.இ. பல ஆண்டுகளாக நடந்து வருவதை நாம் அறிவோம். இயந்திரத்தைப் புரிந்துகொள்ள வேலையோடு படிக்கலாம் என்று ஏற்ற அரசு, மனத்தைப் புரிந்துகொள்ளவும் அதை ஏற்கலாம்.

என் முன்னாள் மாணவி ஒருத்தி ஜெர்மனியில் செவிலியராக இருக்கிறாள். அங்குள்ள ஏற்பாட்டைப் பற்றி அவள் சொன்ன பிறகு நானும் தேடிப் படித்தேன். அங்கே 2020 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, மருத்துவ உளவியலும் உளசிகிச்சையும் சேர்ந்த முதுகலைப் படிப்பை முடித்து, அரசுத் தேர்வில் தேறியவர்களுக்கே உளசிகிச்சையாளர் உரிமம் கிடைக்கிறது. தனித்துச் சிகிச்சை நடத்த அதன் பிறகும் குறைந்தது ஐந்தாண்டுப் பயிற்சி உண்டு. அந்த முதுகலையில் மட்டும் 600 மணி நேரம் நோயாளிகளோடு நேரடிப் பயிற்சி. அதில் 450 மணி நேரம் உள்நோயாளிகள் பிரிவிலும் 150 மணி நேரம் புறநோயாளிகள் பிரிவிலும். குழந்தையை வளர்த்துக்கொண்டோ வேலை பார்த்துக்கொண்டோ மெதுவாகப் படிப்பவர்கள் அங்கும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பருவங்களின் எண்ணிக்கை கூடும். 600 மணி நேரம் குறையாது. எனக்கு அந்த விதி மிகவும் பிடித்திருக்கிறது. எத்தனை ஆண்டில் முடித்தாய் என்பது அங்கே கேள்வி அன்று, எத்தனை மணி நேரம் ஒருவரின் மேற்பார்வையில் இருந்தாய் என்பதே கேள்வி.

பகுதிநேரம் என்றாலே தரம் தாழும் என்று கல்லூரி ஆசிரியர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். அவருடைய கவலையில் நியாயம் உண்டு. எட்டு மணி நேரம் உழைத்துக் களைத்து வருபவரின் கவனம் சிதறும், ஒரு பருவத்தில் படித்தது அடுத்த பருவத்துக்குள் மங்கும். ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. முழுநேர மாணவர் ஒரு பிரிவில் சில வாரங்கள் இருந்துவிட்டு அடுத்த பிரிவுக்கு மாற்றப்படுகிறார். அவரிடம் மனம் திறந்து பேசத் தொடங்கியவர் மீண்டும் புதியவர் ஒருவரிடம் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. நான்கு ஆண்டுகள் அதே ஊரில், அதே மருத்துவமனையில் படிப்பவர், ஒரே மனிதரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து சந்திக்க முடியும். நோய் தணிவதையும் திரும்ப வருவதையும், மறுபடி தணிவதையும் பார்க்க முடியும். மெதுவாக நடப்பதை மெதுவாகக் கற்பதில் என்ன குறை?

ஓர் ஆபத்தையும் மறைக்கக் கூடாது. ஆசிரியை தன் மாணவனுக்கே சிகிச்சையாளராக முடியாது. மதிப்பெண் போடும் கையும் மனத்தைக் கேட்கும் காதும் ஒருவருடையதாக இருந்தால் அந்தப் பிள்ளை எதையும் சொல்ல மாட்டான். செவிலியருக்கும் தம் பிரிவில் இருக்கும் நோயாளிகளிடம் இதே சிக்கல் உண்டு. சிறிய ஊர்களில், சிகிச்சைக்கு வருபவர் உறவினராகவோ கோவிலில் தினமும் பார்ப்பவராகவோ இருப்பார். இந்த எல்லைகளை வகுக்கவும், வாரந்தோறும் ஒரு மூத்தவரிடம் கணக்குச் சொல்லவும் பாடத்திட்டத்திலேயே இடம் இருக்க வேண்டும்.

இனி, இதைச் செய்யச் சட்டம் இடம் தருகிறதா என்ற கேள்வி. மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்லும் இரண்டு வழிகளில், முழுநேரம் என்ற சொல் எம்.ஃபில். பற்றிய இரண்டாவது வழியில் மட்டுமே இருக்கிறது. மறுவாழ்வுக் கவுன்சில் ஏற்பளித்த நிறுவனத்தில் பெற்ற அங்கீகரிக்கப்பட்ட தகுதி என்ற முதல் வழியில் அந்தச் சொல் இல்லை. நான் வழக்கறிஞர் அல்லள். ஆனாலும் பலமுறை படித்துப் பார்த்துவிட்டேன். மேற்பார்வை நேரத்தையும் மருத்துவப் பயிற்சி நேரத்தையும் குறைக்காத ஒரு பகுதிநேர முதுகலையைக் கவுன்சில் ஏற்க விரும்பினால், நாடாளுமன்றம் கூடிச் சட்டத்தைத் திருத்த வேண்டிய தேவையில்லை என்றே எனக்குப் படுகிறது. தேவைப்படுவது கவுன்சிலின் ஒரு முடிவும், அதைக் கேட்டு விண்ணப்பிக்கும் ஒரு பல்கலைக்கழகமும்.

பல்கலைக்கழகம் நமக்கு உண்டு. எங்கள் மாவட்டத்துக் கல்லூரிகள் இணைந்திருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் திருநெல்வேலியில் 1990 முதல் இயங்குகிறது. ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டமும் இருக்கிறது. இவை மூன்றும் ஒரே மேசையில் உட்கார்ந்தால், ஆண்டுக்குப் பத்துப் பேரை மட்டும் எடுத்துத் தொடங்கலாம். பத்துக்குமேல் வேண்டாம் என்று நானே சொல்வேன். சிவப்பு மையில் திருத்த ஆள் இல்லாமல் முப்பது பேரைச் சேர்த்தால், தொலைநிலையில் நடந்ததே நேரடி வகுப்பிலும் நடக்கும். மேற்பார்வையாளர் எத்தனை பேரோ அதற்கேற்பத்தான் இடங்கள் இருக்க வேண்டும். வெளியூர் மூத்தவர்களின் மேற்பார்வையைக் காணொலி மூலம் பெறுவதைத் துணையாகக் கொள்ளலாம். நோயாளியின் முன்னால் இருப்பதற்கு மட்டும் மாற்று கிடையாது.

எழுத்தறிவில், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 91.75 சதவீதத்துடன் தமிழகத்திலேயே முதலிடத்தில் இருக்கும் மாவட்டம் இது. செவிலியர்களையும் ஆசிரியர்களையும் வளைகுடா முதல் ஐரோப்பா வரை அனுப்பி வைக்கிற மாவட்டம். சுனாமியையும் ஒக்கியையும் தாங்கிய மாவட்டம். 2004 டிசம்பர் 26-க்குப் பின் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஊர்களில் நல்ல மனத்துடன் வந்து உளவியல் உதவி செய்தவர்கள் பலர் பின்னர் தத்தம் ஊர்களுக்குத் திரும்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒருவரை இழந்த துக்கம் ஆறு மாதத் திட்டத்தோடு முடிந்துபோவதில்லை.

இந்தப் படிப்பு வரும்வரை காத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். எந்த நிறுவனத்தில் சேர்வதாக இருந்தாலும், பணம் கட்டுவதற்கு முன், இந்தப் படிப்புக்கு, இந்த நிறுவனத்துக்கு, இந்தக் கல்வியாண்டுக்கு மறுவாழ்வுக் கவுன்சிலின் ஏற்பு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். கவுன்சிலின் இணையதளத்தில் ஏற்புப் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. சேர்க்கை மேசையில் இருப்பவரின் வாய்மொழியை நம்பி நான் இழந்தது பணத்தைவிட ஆண்டுகளை.

கன்னியாகுமரி மாவட்டத்தின் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களும், உயர்கல்வித் துறையும் மக்கள் நல்வாழ்வுத் துறையும் இந்தக் கோரிக்கையை அடுத்த கல்வியாண்டின் சேர்க்கை அறிவிப்பு வெளியாவதற்கு முன் எடுத்துப் பேச வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என் நோட்டில் இருக்கும் 23 பேரும் தம் கல்விச் சான்றிதழ்களின் நகல்களோடு மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு அளிக்க ஆயத்தமாக இருக்கிறோம். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களும் எங்களோடு வரலாம்.

இப்படிக்கு,
மேல்நிலைப் பள்ளி ஆசிரியை ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.